வைப்பர் தூறலில் மட்டும் துள்ளுவது ஏன்? அதைக் கணக்கில் எப்படிக் கொண்டுவருவது?

காட்பாடியில் மெக்கானிக்கல் கடைசி வருடம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. அப்பாவின் கார் வைப்பர் அடைமழையில் சத்தமே இல்லாமல் ஓடுகிறது. தூறல் விழும்போதும், மழை விட்டுக் கண்ணாடி காயும்போதும் தடதடவென்று துள்ளுகிறது. அதுவும் மேலே ஏறும்போது இல்லை, கீழே இறங்கும்போது மட்டும். இதையே புராஜெக்டாக எடுத்து, ஒரு நிறை, ஒரு ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்கும் ஒரு டேம்பர் வைத்து, உராய்வுக் குணகம் 0.5 என்று போட்டுக் கணினியில் ஓட்டினால் வைப்பர் துள்ளவே மாட்டேன் என்கிறது. எங்கே தவறு என்று கேட்கிறார்.

தம்பி, நீங்கள் எழுதிய சமன்பாட்டில் பிழை இல்லை. உராய்வை ஒரே எண்ணாகப் போட்டதுதான் சிக்கல். மாறாத உராய்வு என்றால் மாறாத ஒரு தள்ளு விசை, அவ்வளவுதான். ஸ்பிரிங் தராசின் கொக்கியில் ஒரு கிலோ தக்காளிப் பையை மாட்டினால் முள் கீழே இறங்கி, நாலு ஆட்டம் ஆடி, ஒரு இடத்தில் நின்றுவிடும் இல்லையா? உங்கள் மாடலும் அதைத்தான் செய்கிறது. ரப்பர் கொஞ்சம் பின்னால் வளைகிறது, நிற்கிறது. ஆட்டம் தொடர வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றிலும் டேம்பிங் தின்றுவிடும் ஆற்றலை யாராவது திரும்பக் கொடுக்க வேண்டும். மோட்டாரிடம் ஆற்றல் தாராளமாக இருக்கிறது. ஆனால் அது ரப்பருக்குள் நுழைய உராய்வைத் தவிர வேறு வழி கிடையாது. ஒரே திசையில் ஆடும் உங்கள் மாடலில், வேகத்தைப் பொறுத்து உராய்வு மாறினால்தான் அந்த வழி திறக்கும்.

எப்படி மாறுகிறது என்பதற்கு ஒரு பழைய வளைவு இருக்கிறது. 1902 வாக்கில் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஸ்ட்ரைபெக் பேரிங்குகளில் அளந்து வெளியிட்டது. வேகம் குறைவாக இருக்கும்போது இரண்டு பரப்புகளும் நேரடியாக உரசுவதால் உராய்வு அதிகம். வேகம் ஏற ஏற நடுவில் எண்ணெய்ப் படலம் புகுந்து இரண்டையும் பிரிக்கும், உராய்வு சரசரவென்று இறங்கும். இன்னும் வேகம் கூடினால் படலத்தின் பாகுநிலையால் மெல்ல ஏறும். வைப்பரில் எண்ணெயின் வேலையைத் தண்ணீர் செய்கிறது. நமக்கு வேண்டியது நடுவில் இருக்கும் அந்த இறங்குமுகம்தான்.

இந்த வளைவு கண்ணாடியின் ஈரத்தைப் பொறுத்து முழுசாகவே மேலும் கீழும் நகரும். நன்றாக நனைந்த கண்ணாடியில் உராய்வுக் குணகம் ஏறக்குறைய 0.1 முதல் 0.2 வரை. உலர்ந்த கண்ணாடியில் பல மடங்கு கூடும். ஆனால் மோசமானது உலர்ந்த நிலை அல்ல, பாதி காய்ந்த நிலை. தண்ணீர்ப் படலம் மிக மெல்லிசாகி, ரப்பரைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து இழுக்கும் நேரம் அது. அப்போது குணகம் உலர்ந்த மதிப்பையும் தாண்டி 1-ஐத் தொடலாம். வீட்டிலேயே இதைக் கேட்கலாம். சோப்புப் போட்டுக் கழுவிய எவர்சில்வர் டம்ளரை விரலால் தேய்த்துப் பாருங்கள். தண்ணீர் வழியும்போது கத்தாது, துணியால் நன்றாகத் துடைத்த பிறகும் கத்தாது. நடுவில் ஒரு கட்டத்தில்தான் கீச்சென்று கத்தும். தூறலில் உங்கள் கண்ணாடி இருப்பது அந்தக் கட்டத்தில்.

விட்டு விட்டு ஓடும் வைப்பர் வந்ததற்கும் இந்தத் தூறல்தான் காரணம். கையால் இழுத்து ஓட்டும் வைப்பருக்கு அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் 1903-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். தண்ணீர் கொஞ்சம் சேரும்வரை காத்திருந்து ஒரு தடவை வழிக்கும் மின்னணு ஏற்பாட்டுக்கு ராபர்ட் கேர்ன்ஸ் விண்ணப்பித்தது 1964-ல், கிடைத்தது 1967-ல். இடையே 60 ஆண்டுகளுக்கு மேல். தூறலில் வைப்பரைத் தொடர்ந்து ஓட்டினால், முந்தின வழிப்பு விட்டுப்போன மெல்லிய படலத்தின் மேல்தான் அடுத்த வழிப்பு போகும். காத்திருந்தால் ரப்பருக்கு அடியில் மறுபடியும் தண்ணீர் இருக்கும். உங்கள் மாடலில் ஈரத்தையும் ஒரு மாறியாக வைத்தால் இதையும் அதிலேயே காட்டலாம்.

சரி, இப்போது சமன்பாட்டுக்கு வருவோம். இடது பக்கத்தில் நிறை × முடுக்கம், டேம்பிங் × வேகம், ஸ்பிரிங் மாறிலி × இடப்பெயர்ச்சி. வலது பக்கத்தில் செங்குத்து விசை (ரப்பரைக் கண்ணாடியில் அழுத்தும் விசை) × உராய்வுக் குணகம். ஆனால் அந்தக் குணகம் ரப்பருக்கும் கண்ணாடிக்கும் இடையேயான சார்பு வேகத்தைப் பொறுத்து மாறும். பிளேடைத் தாங்கி ஆட்டும் கையான ஆர்மின் சீரான வேகத்தைச் சுற்றி அதை நேர்கோடாக்கினால், உராய்வு வளைவின் சரிவு இடது பக்கம் வந்து டேம்பிங்கோடு சேர்ந்துகொள்ளும். வளைவு ஏறுமுகமாக இருந்தால் டேம்பிங் கூடும். இறங்குமுகமாக இருந்தால் குறையும். செங்குத்து விசையைச் சரிவின் அளவால் பெருக்கி வருவது டேம்பிங்கை விடப் பெரிதானால் மொத்த டேம்பிங் எதிர்க்குறிக்குப் போய்விடும். அப்புறம் ஒரு தூசி தட்டினாலும் போதும், ஆட்டம் தானே வளரும். ரப்பர் ஒட்டி நிற்பதும் விடுபட்டுப் பாய்வதுமாக மாறும் இடத்தில்தான் அந்த வளர்ச்சி நிற்கும். உருமியின் தோலில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது எழும் முனகல் இதே ஒட்டல், நழுவல் விளையாட்டுத்தான்.

எண்கள் போட்டுப் பார்க்கலாம். அளவு புரிவதற்காக நான் எடுத்துக்கொள்ளும் எண்கள் இவை. உங்கள் காருக்கு நீங்கள்தான் அளக்க வேண்டும். பிளேடு 60 சென்டிமீட்டர். ஆர்ம் ஸ்பிரிங் அதை அழுத்துவது சென்டிமீட்டருக்குச் சுமார் 15 கிராம், மொத்தம் 900 கிராம், அதாவது ஏறக்குறைய 9 நியூட்டன். ஆடும் நிறை 0.2 கிலோ, இயல்பு அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ், டேம்பிங் விகிதம் 3 சதவீதம். டேம்பிங் மாறிலி 2.3 வருகிறது. பாதி காய்ந்த கண்ணாடியில் வேகம் வினாடிக்கு 0.2 மீட்டரிலிருந்து 1 மீட்டர் ஏறும்போது உராய்வுக் குணகம் 0.8-லிருந்து 0.5-க்கு இறங்குகிறது என்று வையுங்கள். சரிவு 0.375. அதை 9 நியூட்டனால் பெருக்கினால் 3.4. இது 2.3-ஐ விடப் பெரிது, வைப்பர் துள்ளும். அடைமழையில் அதே வேக மாற்றத்துக்குக் குணகம் 0.15-லிருந்து 0.10-க்குத்தான் இறங்குகிறது என்றால், பெருக்கல் 0.6 கூட வராது. துள்ளாது. உங்கள் கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் இதுதான்.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். செங்குத்து விசை பெருக்கலில் நேராக உட்கார்ந்திருக்கிறது. அழுத்தம் கூடினால் துள்ளலும் கூடும். பட்டறைகளில் வைப்பர் துள்ளுகிறது என்று சொன்னால் ஆர்மைக் கீழே வளைத்து அழுத்தம் ஏற்றிக் கொடுப்பது வழக்கம். எனக்கும் அப்படி நடந்தது. ஓர் ஐப்பசி மாலை ஆம்பூரிலிருந்து வேலூர் திரும்பும்போது, பள்ளிகொண்டாவை நெருங்குகையில் தூறல் பிடித்து வைப்பர் துள்ள ஆரம்பித்தது. மறுநாள் ஒரு ஷெட்டில் காட்டினேன், ஆர்மை நன்றாக அழுத்தி வளைத்துத் தந்தார்கள். அன்று மாலைத் தூறலில் முன்னைவிட மோசமாகத் துள்ளியது.

ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரி வீட்டு வாசலில் காரை நிறுத்தி, காய்கறி நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றை எடுத்தேன். பிளேடு ஆர்மோடு சேரும் இடத்தில் கொக்கியை மாட்டி, கண்ணாடிக்குச் செங்குத்தாக மெல்ல இழுத்தேன். ரப்பருக்கு அடியில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைச் செருகியிருந்தேன். காகிதம் தானாக நழுவி விழுந்த கணத்தில் முள் 1.3 கிலோவில் இருந்தது. 60 சென்டிமீட்டர் பிளேடுக்கு அது ரொம்ப அதிகம். ஆர்மைத் திருப்பி வளைத்து 900 கிராமுக்குக் கொண்டுவந்தேன். துள்ளல் பாதியாகக் குறைந்தது, ஆனால் போகவில்லை. இறங்கும்போது மட்டும் இருந்தது, உங்களுடையதைப் போலவே. மேலே உள்ள கணக்கை வைத்துப் பார்த்தால் அழுத்தம் 6 நியூட்டனுக்குக் கீழே போனால் துள்ளல் முழுசாக நிற்க வேண்டும். ஆனால் அவ்வளவு குறைத்தால் வைப்பர் தண்ணீரையே வழிக்காது. ஆக, அழுத்தத்தைக் குறைத்துத் தப்பிக்க முடியாது.

இங்கேதான் உங்கள் கேள்வியின் சுவையான பாதி வருகிறது. ஒரு திசையில் மட்டும் ஏன்? நீங்கள் எழுதிய சமன்பாட்டுக்கு இடமும் வலமும் தெரியாது. உராய்வு வளைவைச் சரியாகப் போட்டாலும் அது இரண்டு திசையிலும் ஒரே மாதிரிதான் துள்ளும். அதற்குக் கோணம் வேண்டும்.

கரும்பலகையில் புள்ளிக்கோடு போடும் ஆசிரியரைப் பார்த்திருப்பீர்கள். சாக்பீஸைச் சாய்த்துப் பிடித்து, பின்னால் இழுக்காமல் முன்னால் தள்ளினால் அது டரரர் என்று குதித்துக்கொண்டே போய் அழகான புள்ளிக்கோடு போடும். அதே சாக்பீஸை அதே சாய்வில் இழுத்தால் ஒழுங்கான கோடு விழும். இருபது வருடமாக அதிர்வியல் பாடம் நடத்துகிறேன், இதைவிடச் சுலபமான ஆய்வுக்கூடம் எனக்குக் கிடைத்ததில்லை. இழுக்கும்போது உராய்வு சாக்பீஸின் நுனியைப் பலகையிலிருந்து விலக்கப் பார்க்கிறது, அழுத்தம் தளர்கிறது. தள்ளும்போது உராய்வு அதை நிமிர்த்தப் பார்க்கிறது. நிமிர இடமில்லாததால் நுனி பலகையில் முட்டுகிறது. அழுத்தம் ஏறுகிறது, அதனால் உராய்வு ஏறுகிறது, அதனால் இன்னும் முட்டுகிறது. கடைசியில் கை விட்டுக்கொடுக்க, நுனி குதித்து அடுத்த புள்ளியில் விழுகிறது.

வைப்பர் ரப்பரின் குறுக்குவெட்டை நினைத்துப் பாருங்கள். மேலே பிளேடில் செருகியிருக்கும் தடித்த தலை, நடுவில் மெல்லிய கழுத்து, கீழே கண்ணாடியைத் தொடும் நுனி. ஆர்ம் போகும் திசைக்குப் பின்னால் நுனி சாய்ந்து இழுபட வேண்டும் என்பதுதான் வடிவமைப்பு. திசை திரும்பும்போது நுனி மறுபக்கம் புரள வேண்டும். பிளேடு கண்ணாடிக்குச் செங்குத்தாக இருந்தால் இரண்டு பக்கமும் சுலபமாகப் புரளும். ஆர்மின் நுனி சில டிகிரி திருகிப் போயிருந்தால் ஒரு பக்கம் நன்றாகப் புரளும், மறுபக்கம் புரளாமல் தள்ளுபட்டே போகும். அப்போது அது தள்ளப்படும் சாக்பீஸ்தான்.

இதற்குக் கணக்கு மிகச் சின்னது. கழுத்தைச் சுற்றித் திருப்புவிசைச் சமநிலை எழுதுங்கள். மேலே உள்ள பிளேடுக்கு எழும்ப நேரமில்லாத ஒரு கணத்தை எடுத்துக்கொண்டால், தள்ளப்படும் நுனியின் அழுத்தம் கீழே இருக்கும் ஒரு கழித்தலால் வகுபட்டு வரும்: சாய்கோணத்தின் சைனிலிருந்து, உராய்வுக் குணகம் × கொசைனைக் கழித்தது. உராய்வுக் குணகம் சாய்கோணத்தின் டேன்ஜென்ட்டைத் தொட்டால் அந்தக் கழித்தல் பூஜ்ஜியம், அழுத்தம் எல்லையில்லாமல் ஏறும். நுனி பூட்டிக்கொள்கிறது என்று பொருள். செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்த நுனிக்கு டேன்ஜென்ட் 0.58. அடைமழையில் குணகம் 0.15, பூட்டாது. காயும் கண்ணாடியில் 0.8, பூட்டிக்கொள்ளும். இழுபடும் திசையில் கழித்தல் கூட்டலாகிவிடுவதால் எந்த ஈரத்திலும் பூட்டாது. தூறலில் மட்டும், இறங்கும்போது மட்டும் என்று நீங்கள் சொன்ன இரண்டும் இந்த ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. பிரேக் கிறீச்சிடுவதற்கு 1961-ல் ஸ்பர் என்ற ஆய்வாளர் சொன்ன விளக்கமும் இதே வகைதான். இங்கே உராய்வுக் குணகம் மாறாமல் இருந்தாலும் ஆட்டம் வரும் என்பதைக் கவனியுங்கள். முன்பு நான் ‘ஒரே திசையில் ஆடும் மாடலில்’ என்று சொன்னது அதனால்தான்.

என் காரில் செய்தது இது. வைப்பர் நடுவழியில் இருக்கும்போது சாவியைத் திருப்பி அணைத்து, பிளேடின் முனைப் பக்கமிருந்து செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். பிளேடு நேராக நிற்காமல் கீழ்ப்பக்கம் சாய்ந்திருந்தது கண்ணுக்கே தெரிந்தது. பிளேடைக் கழற்றிவிட்டு, ஆர்மின் முனையை இரண்டு ஸ்பேனர்களால் பிடித்து, ஒன்றால் அசையாமல் நிறுத்தி மற்றதால் நாலைந்து டிகிரி திருகினேன். இதைச் செய்யும்போது கண்ணாடியின் மேல் மடித்த துணி கட்டாயம் இருக்க வேண்டும். பிளேடு இல்லாத ஆர்ம் கை தவறி அடித்தால் கண்ணாடியே விரிசல் விட்டுவிடும். அன்றிலிருந்து துள்ளல் இல்லை. கண்ணாடி வளைவாக இருப்பதால் வழிக்கும் பாதை முழுவதும் ஒரே கோணம் கிடைக்காது. நடுவில் செங்குத்தாக வைத்து, இரண்டு ஓரங்களிலும் சிறு விலகலைச் சமமாகப் பங்கிட்டுக் கொடுப்பதே வழி.

புராஜெக்டுக்குத் திரும்புவோம். கணினியில் உட்காருவதற்கு முன் உங்கள் அப்பாவின் காரில் ஒரு படம் எடுங்கள். தூறலில் துள்ளிய உடனே கண்ணாடியில் விசிறி மடிப்பு மாதிரி தண்ணீர்க் கோடுகள் நிற்கும். அளவுகோலை வைத்து அந்த இடைவெளியை அளந்து, அங்கே ரப்பரின் வேகத்தை அதால் வகுத்தால் துள்ளலின் அதிர்வெண். வேகம் எப்படி? வைப்பர் நிமிடத்துக்கு 45 முறை போய்வருகிறது, 90 டிகிரி வழிக்கிறது என்று வையுங்கள். ஒரு பக்கம் போக 0.67 வினாடி. வேகம் சைன் வளைவுபோல ஏறி இறங்குவதால் நடுவில் உச்ச வேகம் வினாடிக்குச் சுமார் 3.7 ரேடியன். சுழலும் மையத்திலிருந்து 50 சென்டிமீட்டர் தூரத்தில் வினாடிக்கு 1.85 மீட்டர். அங்கே கோடுகள் 6 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால் அதிர்வெண் 31 ஹெர்ட்ஸ்.

ஓர் இடத்தில் மட்டும் அளந்து நிறுத்திவிடாதீர்கள். வழிப்பின் ஓரத்தில், வேகம் மூன்றில் ஒரு பங்காகும் இடத்தில் இடைவெளி 2 சென்டிமீட்டராகச் சுருங்கியிருக்கிறதா பாருங்கள். சுருங்கியிருந்தால் ஆடுவது ஆர்மும் பிளேடும் ரப்பரும் சேர்ந்த அமைப்பு, தன் இயல்பு அதிர்வெண்ணில் ஆடுகிறது. எங்கும் ஒரே இடைவெளி என்றால் காரணம் அமைப்பில் இல்லை, கண்ணாடியின் மேல் இருக்கிறது. வினாடிக்கு 240 படம் எடுக்கும் செல்போன் இருந்தால் 30 ஹெர்ட்ஸ் துள்ளலின் ஒவ்வொரு சுற்றுக்கும் 8 படம் கிடைக்கும், நுனி புரண்டதா இல்லையா என்பதை நேரிலேயே பார்த்துவிடலாம்.

கண்ணாடியின் மேல் என்றால், நம் ஊரில் முதல் சந்தேகம் போர் தண்ணீர்தான். உப்புத் தண்ணீரில் காரைக் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் பொட்டுகள் ஒட்டிக்கொள்ளும், கையால் தடவினால் சொரசொரப்பு தெரியும். வினிகரோ எலுமிச்சையோ போட்டுத் துடைத்து நன்றாக அலசினால் போய்விடும். பெங்களூர் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஓட்டினால் சேரும் எண்ணெய்ப் பிசுக்கு இன்னொன்று. அதன் மேல் தண்ணீர் பரவாமல் திட்டுத் திட்டாக நிற்கும், நுனி ஈரத்திலும் காய்ந்ததிலும் மாறி மாறிப் போகும். இதைச் சுத்தம் செய்யாமல் அளக்கும் எந்த எண்ணும் உங்களுக்கு உதவாது.

மாடலுக்குள் மூன்று மாறிகள் போதும்: நுனியின் சாய்கோணம், பிளேடு மேலும் கீழும் எழும்பும் உயரம், ஆர்ம் பின்னால் வளையும் அளவு. கழுத்தை ஒரே ஸ்பிரிங்காக எழுதாதீர்கள். நடுவில் ரொம்ப இளக்கம், ஒரு கோணத்தைத் தாண்டினால் நுனியின் தோள் தலையில் போய் இடித்து, திடீரென்று கெட்டியாகிவிடும். துண்டு துண்டான ஸ்பிரிங்காக எழுதினால் திசை திரும்பும்போது வரும் ‘டப்’ சத்தமும் தானாகவே கிடைக்கும், ஏனென்றால் நுனி நிமிர்ந்து புரளும்போது பிளேடு ஒரு மயிரிழை எழும்பி விழுகிறது. துள்ளல் 100 ஹெர்ட்ஸுக்குள், இந்த ‘டப்’ 500 ஹெர்ட்ஸுக்குள், கிறீச்சென்ற கத்தல் 1000 ஹெர்ட்ஸ் வாக்கில் என்பது ஆய்வுகளில் பொதுவாகச் சொல்லும் பிரிவு. கிறீச்சலை இந்த மாடலில் தேட வேண்டாம், அதற்கு ரப்பரைத் துண்டு துண்டாக வெட்டிக் கணக்கிட வேண்டும். உராய்வின் திசை மாறும் இடத்தில் செங்குத்தான படி வைத்தால் கணினி திணறும். அந்த இடத்தில் ஹைப்பர்பாலிக் டேன்ஜென்ட் போட்டு மென்மையாக்குங்கள்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், இது வேலூர்க்காரர்களுக்கே உரியது. மாசியிலிருந்து சித்திரை வரை இங்கே வைப்பருக்கு அதிக வேலை கிடையாது. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில், அதைவிடச் சூடான கண்ணாடியின் மேல், நுனி ஒரே பக்கம் சாய்ந்தபடி மாதக்கணக்கில் அழுந்திக் கிடக்கிறது. ரப்பர் அந்தச் சாய்விலேயே படிந்துபோகும், மேல்தோலும் கெட்டிப்படும். அப்புறம் முதல் மழையில் ஒரு பக்கம் மட்டும் புரள மறுக்கும். அதாவது ஸ்பிரிங்கின் சமநிலைக் கோணம் பூஜ்ஜியம் அல்ல, ஐந்தோ பத்தோ டிகிரி. உங்கள் மாடலில் அந்தக் கோணத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து டிகிரி டிகிரியாக ஏற்றிக்கொண்டே போய், எந்த இடத்தில் கீழே இறங்கும்போது வரும் துள்ளல் தொடங்குகிறது என்று வரைபடம் போடுங்கள். அப்பாவின் கார் பிளேடைக் கழற்றி, ரப்பரின் முனையைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தால் உண்மையான கோணம் கிடைக்கும். இரண்டும் எவ்வளவு அருகில் வருகின்றன என்று எழுதுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.